ஒற்றைக் கதிர் சாமியார்

கோட்டையில் பகுத்தறிவு பேசுகிற ஆட்சி வந்துவிட்டது. அது வலங்கைமான் வரை நடந்து வர நாளாகும் போலிருந்தது. ஒரு பக்கம் சிவப்புக் கொடி பிடித்து நிலத்துக்குச் சண்டை. மறு பக்கம், வயலில் தூவினால் விளைச்சல் பெருகும் என்ற கதிர்ச்சாமியின் மந்திர மண்ணுக்குத் தள்ளுமுள்ளு.

சாமியின் சொந்தப் பெயர் உலகநாதன். கோடியக்கரையில் உப்பு விற்றவர். உப்பு மழையில் கரைகிறது, மண் கரைவதில்லை என்று தொழிலை மாற்றிக்கொண்டார்.

மிராசுதார் ஐயாவுவின் குறுவை வயலில் பாதிக்கு மட்டும் மண் தூவியிருந்தார். அறுப்புக்கு முன்பு ஊரைக் கூட்டினார். மந்திரப் பாதியில் ஒரு கதிர் பறித்தார். மறு பாதியில் ஒரு கதிர். முதலாவது மணி பெருத்துத் தொங்கியது. இரண்டாவது சோனி.

"பாத்தீங்களா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நெல், ஆடு, கோழி, எதைக் கொடுத்தாலும் சாமி வாங்கிக்கொண்டார். வாங்குவதில் எம்மதமும் சம்மதம்.

பக்கத்து வயல் நாகரத்தினத்தின் குத்தகை. புருஷன் செத்துப்போனவள். அடுத்த போகமான தாளடி பொய்த்தால் ஐயாவு நிலத்தைப் பிடுங்கிவிடுவார். மண்ணுக்காகக் கறவைப் பசுவையே ஓட்டி வந்திருந்தாள். கயிற்றைச் சாமியிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் நில்லு தங்கச்சி" என்றார் நெல் வியாபாரி ஹாஜா மைதீன். "சாமி, நான் ஒரு மூட்டையில மேல ஒரு பிடி பாத்துட்டு வண்டி நெல்லையும் வாங்குறதில்ல. மூட்டை மூட்டையா குத்தூசி போட்டுப் பாக்குறேன்."

"ராவுத்தரே, அப்ப ஒரு சோறு பதம்னு பெரியவங்க சொன்னது பொய்யா?"

"பானையக் கிண்டுறோம் சாமி. வயல யாரு கிண்டுனா? நீங்க மந்திரப் பக்கம் பறிச்சது வரப்போரம். வெயிலு, காத்து எல்லாம் தாராளம். அந்தப் பக்கம் பறிச்சது நட்ட நடு."

"நம்பிக்கை வேணும்!"

"தராசுக்கு வேணாமே."

ஹாஜா மைதீன் ஒரு வழி சொன்னார். நாகரத்தினம் வயலுக்கு முதுகைக் காட்டி நின்று குச்சியை எறிய வேண்டும். அது விழுந்த இடத்தில் கதிர் பறிக்க வேண்டும். இரு பாதிக்கும் ஒரே கணக்கு. முதல் எறியில் மந்திரக் கதிரே பெருத்து வந்தது. "பாத்தீரா!" என்று குதித்தார் சாமி.

"ஒண்ணுதானே? எறிஞ்சுகிட்டே இரு தங்கச்சி."

அடுத்தது மறு பக்கம் பெருத்தது. பக்கத்துக்கு முப்பது கதிர் சேர்ந்ததும் தராசில் வைத்தார்கள். முள் இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை.

நாகரத்தினம் சும்மா இருக்கவில்லை. தன் வயலின் வரப்போரத்தில் ஒரு கதிரைப் பறித்து வந்து சாமி முதலில் பறித்த மந்திரக் கதிரோடு சேர்த்துப் பிடித்தாள். ரெண்டும் ஒரே பருமன்.

"எங்க வயலுக்கு நீங்க மண்ணே போடலீங்களே, சாமி?"

சாமிக்கு அவசரமாகக் குத்தாலம் போக வேண்டியிருந்தது. ஜனங்கள் அவரவர் ஆட்டையும் கோழியையும் தேடிப் பிடித்தார்கள். நாகரத்தினம் பசுவை வீட்டுக்கு ஓட்டிப்போனாள்.

பதம் பார்க்கும் முன் பானையைக் கிண்டத் தெரிந்த ஜனங்கள்தான் நாம். மூளையை மட்டும் ஏனய்யா கிண்டாமலே அடுப்பில் வைத்திருக்கிறோம்?