முடிச்சை அராவித் தள்ளிடுங்க

இதை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பூட்டுக்காரர் மனைவிக்கு உள்ளூர உதறல். கூடப் பிறந்த அக்காவிடம்கூட இன்னும் வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை முன்னே பின்னே ஆனால் போதும், சுற்றிச் சுற்றி அவர் காதுக்குப் போய்விடும். போனால் இருபத்திரண்டு வருஷப் பாடு வீண்.

பூட்டுக்காரருக்கு வில் பைத்தியம் பிடித்ததில் ஆரம்பித்தது. முதல் வில்லைச் செய்து, கூடத்தில் நின்று வளைத்தார். படாரென்று இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவர்க் கடிகாரத்தை அடித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எப்போதும் நாலேகால்தான். இரண்டு விரல் தள்ளியிருந்தால் கண் போயிருக்கும். அவரோ, கட்டை சரியில்லை என்று முடித்துக்கொண்டார்.

சரியான கட்டை என்று அடுத்து ஒன்றைத் தோளில் தூக்கி வந்தார். ஆள் உயரம். நெடுக முடிச்சு. மேல்பாதியில் ஒன்று முழங்கால் சில்லு மாதிரி முட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுத் தச்சர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார். "விறகு."

பூட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வில் பந்தயம். இதே கட்டையில் வில் செய்து, இதே தச்சர் கண்ணெதிரே அம்பு விடுவதாகச் சபதம் போட்டார். தச்சரோடு பேச்சையும் நிறுத்தினார்.

தச்சர் நல்ல மனுஷர். பூட்டுக்காரர் கடைக்குப் போனதும் அவளை மதிலோரம் கூப்பிட்டார்.

"அம்மா, அந்த முடிச்சுல மட்டும் அவர் கை வைக்காம பாத்துக்குங்க. தண்ணி கல்லைச் சுத்தி ஓடுற மாதிரி நார் முடிச்சைச் சுத்தித்தான் ஓடுது. மேட்டைச் சீவினா நார் அறுந்துடும். அப்புறம் மூஞ்சிலதான் வெடிக்கும்."

மேட்டை அரத்தால் அராவுவதுதானே பூட்டுக்காரர் பிழைப்பே? சாவியில் மயிரிழை துருத்தினாலும் அவருக்குச் சோறு இறங்காது. கதவுத் தாழ்ப்பாள், கட்டில் கால், அவளுடைய கரண்டிக் காம்பு என்று வீட்டில் அவர் அரம் படாத மேடே கிடையாது.

சாயங்காலம் அவர் அரத்தோடு முடிச்சின்மேல் குனிந்தார். வேண்டாங்க என்று சொல்ல வாயெடுத்தவள் கப்பென்று மூடிக்கொண்டாள். அவள் இடது என்றால் அவர் வலது. கல்யாணமான புதிதில் குடை எடுத்துக்கொள்ளச் சொன்னாள், இன்றுவரை நனைகிறார். ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிறவருக்குத் தன்னை எந்தச் சாவி திறக்கிறது என்பது மட்டும் தெரியாது.

துணி மடித்தபடியே ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த முடிச்சு பாக்கவே அசிங்கமா இருக்கு. அராவித் தள்ளிடுங்க."

அரம் நின்றது. "எதுக்கு?"

"வழவழன்னு இருந்தாத்தானே அழகு?"

"வில்லு என்ன உன் துடைப்பக்கட்டையா? அஞ்சாங்கிளாஸோட நின்னவளுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? முடிச்சுதான்டி இதுக்குப் பலமே. தொட மாட்டேன், போ."

"உங்க இஷ்டம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படிக்குப் போன பிறகுதான் மூச்சே வந்தது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அப்போதைக்கப்போது வளைத்துப் பார்க்க வேண்டும் என்று மதிலோரம் அவளிடம் சொல்வார் தச்சர். ஒரேயடியாகச் சீவி முடியுங்களேன் என்பாள் அவள் புருஷனிடம். அவர் வேண்டுமென்றே ஒரு சுருள் சீவுவார், ஒரு தடவை வளைத்துப் பார்ப்பார். ஐந்தாம் நாள் இரண்டு பாதியும் ஒன்றுபோல வளைந்தன. முடிச்சு மட்டும் தீவு மாதிரி அசையாமல் நின்றது. பயந்துகொண்டிருந்தவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதிலோரம் கடைசி எச்சரிக்கை வந்தது. முகவாய் வரைக்கும் இழுக்கலாம். காதுக்குப் போனால் தாங்காது.

மைதானத்தில் கூட்டம். பூட்டுக்காரர் நாணை முகவாய்க்கு இழுத்தார். அந்த முடிச்சுக் கட்டை வளைகிற அழகைப் பார்த்து ஜனங்கள் ஓவென்றார்கள். அந்த ஓசை அவர் தலைக்கு ஏறியது. கை காதை நோக்கி நகர்ந்தது. முடிச்சு கிரீச்சென்றது. தச்சர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள்.

"அவ்வளவுதானா? காது வரைக்கும் இழுங்க!"

கை நின்றது. மெல்ல முகவாய்க்கே திரும்பியது. விர்ரென்று போன அம்பு இலக்கின் ஓரத்தில், ஓரத்திலும் ஓரத்தில், குத்தி நின்றது. முதலில் கைதட்டியவர் தச்சர். தான் குதித்துக்கொண்டிருப்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

தச்சரோடு பேச்சு திரும்பிவிட்டது. வழியெல்லாம் பூட்டுக்காரர் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்.

"ரகசியம் என்னன்னு கேக்கறீங்களா? இவ சொன்னதுல ஒண்ணைக்கூட நான் கேக்கலை."

தச்சருக்கு இருமல் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாளே இன்னொரு கட்டை வந்தது. இருபது முடிச்சு, ஒரு திருகல் வேறு. கூடத்தில் சாத்திவிட்டு, எப்படி என்றார். அவள் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். ஞாயிறுதோறும் மைதானத்தில் நின்று கத்த அவளால் ஆகாது. கட்டையை ஆசையாகத் தடவிக் கொடுத்தாள்.

"தங்கமான கட்டைங்க. இன்னைக்கே ஆரம்பிச்சுடுங்க. இதை மட்டும் விட்டுடாதீங்க."

காலையில் தச்சர் எட்டிப் பார்த்தபோது பூட்டுக்காரர் கோடாலியும் கையுமாக அதைப் பிளந்துகொண்டிருந்தார்.

"விறகுங்க" என்றார் தச்சரிடம். "இவளுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"