விசில் மிஸ்ஸின் ரப்பர் கிண்ணம்

ஆசிரியப் பயிற்சியில் என் தேர்வுப் பாடத்தில் நான் தோற்றதற்குக் காரணம், முக்கால் மணி நேரமும் முதுகைக் காட்டாமல் நடத்தியதுதான். மாதவிலக்கு நாள், உடம்பில் வெள்ளைச் சீருடைப் புடவை, கடைசி பெஞ்சில் பரீட்சகர். கரும்பலகையோடு ஒட்டிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் வளைத்து 'காவிரி பாயும் மாவட்டங்கள்' என்று எழுதினேன். காவிரி சரிந்து தரைக்கே பாய்ந்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து மறுதேர்வு. அதிலும் தோற்றால் மாமா மகனுக்குக் கழுத்தை நீட்டு என்று அப்பா கடிதம் போட்டுவிட்டார். விரல் விட்டு எண்ணினேன். மறுதேர்வும் மாதவிலக்கு நாளிலேயே விழுந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில், காஞ்சிபுரம் முழுவதிலும் வெட்கம் என்பதே கைவசம் இல்லாத ஒரே பெண்மணி எங்கள் ஹாஸ்டலின் விசில் மிஸ். உடற்பயிற்சி ஆசிரியை, கழுத்தில் தாலியும் விசிலும் சேர்ந்தே தொங்கும். அமெரிக்காவில் நர்சாக இருந்த தங்கை அனுப்பிய அரை டஜன் ரப்பர் கிண்ணங்களை, சாப்பாட்டுக் கூடத்தில், சரியாக ரசம் ஊற்றும் நேரத்தில் அறிமுகப்படுத்தினார்.

"அந்த மூணு நாளும் துணி வாணாம், துவைக்க வாணாம். உள்ள வெச்சிக்கினா நாள் பூரா ஓடலாம்!"

ரசம் யாருக்கும் இறங்கவில்லை.

"நாங்க கல்யாணம் ஆவாத பொண்ணுங்க மிஸ்!"

"எங்கம்மா கொன்னுடுவாங்க."

"உள்ள போயி தொலைஞ்சிட்டா?"

"இது என்ன காஞ்சிபுரத்து சந்தாடி, இங்க பூந்து ஏதோ ஒரு கோயிலண்ட வெளிய வர்றதுக்கு? முட்டுச்சந்து! போன வழியாத்தான் வரணும்."

அடுத்த மாதம் தன்னுடைய நாளில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, முற்றத்தில் இருநூறு ஸ்கிப்பிங் ஆடிக் காட்டினார். நல்ல கூட்டம். "அவங்க மூணு பெத்தவங்கப்பா" என்று கலைந்தோம்.

பிறகு ஒரு நாள் கவனித்தேன். என் அறைத்தோழி சகுந்தலா, வாலாஜாபாத் நெசவுக் குடும்பத்துப் பெண், பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் துணியைக் கொடியில் காணோம்.

"என்னடி, இந்த மாசம் ஆவலியா?" என்று பதறினேன்.

"மிஸ்கிட்ட ஒண்ணு வாங்கிக்கினேன்பா. நேத்து மத்தியானம் எனக்கு தூரம்ங்கிறதே மறந்து போச்சு."

மறந்து போச்சாம்! இருநூறு ஸ்கிப்பிங்கால் ஆகாதது அந்த ஒரு வார்த்தையால் ஆயிற்று.

மறுதேர்வன்று காலை, கொதிக்கவைத்து ஆறிய கிண்ணத்தோடு குளியலறைக்குள் போனேன். கதவுக்கு வெளியே மிஸ் டிரில் நடத்தினார்.

"குந்து! மடி! மூச்ச வுடு! உள்ள இருக்குதா?"

"ஒண்ணும் தெரியலை மிஸ்!"

"தெரியலைன்னாதான் சரியா இருக்குதுன்னு அர்த்தம்!"

நீண்ட விசில். வாளியோடு வரிசையில் நின்ற பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

அன்று தாராளமாகத் திரும்பினேன். பலகை முழுக்க எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். பாஸ்!

துள்ளிக்கொண்டு வெளியே வந்தால், உச்சி வெயிலில் ஜன்னலோரம் மிஸ் நிற்கிறார். பாடம் தொடங்கியதிலிருந்து அங்கேதானாம். கக்கத்தில் மடித்த அரக்குப் புடவை. அவரிடம் கறை தெரியாத நிறத்தில் இருந்தது அது ஒன்றுதான்: கல்யாணப் பட்டு.

"இது எதுக்கு மிஸ்? கிண்ணத்து மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?"

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கிண்ணத்து மேல இருக்குதுடி. உன் மேலதான் இல்ல."