பாப்ரிகா சாரும் படப்பை மிளகாயும்

தாம்பரத்துக்குத் தெற்கே குடியிருப்பவர் என்றால் உங்களுக்கு பாப்ரிகாக்காரரைத் தெரியாமல் இருக்காது. மகனைப் பார்க்க இரண்டே மாதம் ஜெர்மனி போய், பெட்டியில் பாப்ரிகா என்ற சிவப்புத் தூள் பாட்டில் ஒன்றோடும் வாயில் ஓயாத பாடத்தோடும் திரும்பியவர். உப்புமா, வடை, தயிர்சாதம், எதையும் விடமாட்டார். கோயில் சுண்டலுக்குக்கூடப் பொட்டலம் கட்டி எடுத்துப் போய்த் தூவுவார். "கலரைப் பாருங்கோ! காரமே கிடையாது. நமக்கு மிளகாயை விட்டா என்ன தெரியும்?" என்பார். நாம் கேட்டோமா? இல்லை.

பீர்க்கன்கரணையில் இந்த இனத்தின் பிரதிநிதி யக்ஞநாராயணன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் விஷ்ணுப்ரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன வீடு. இதுவாவது அமைய வேண்டுமே என்று அவர் மனைவி பாலாம்பாள் வேண்டாத தெய்வமில்லை.

பஜ்ஜித் தட்டு வந்ததும் பிள்ளையின் அப்பா சத்யநாராயணன் சொன்னார்: "எனக்கு அல்சர் சார். காரம் துளிகூட ஆகாது."

இது போதாதா நம்மவருக்கு? பாட்டிலோடு ஓடி வந்தார்.

"இது பாப்ரிகா. கொழந்தைகூடச் சாப்பிடலாம்!"

சத்யநாராயணன் தட்டிலிருந்த நாலு பஜ்ஜி மேலும் தாராளமாகத் தூவி, நிரூபிப்பதற்காகத் தன் வாயில் ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டார். பாப்ரிகா முந்தின ராத்திரியே தீர்ந்துவிட்டதும், நல்ல கண்ணாடிப் பாட்டிலாயிற்றே என்று பாலாம்பாள் அதைக் கழுவிக் காயவைத்துப் படப்பை மில்லில் அரைத்த மிளகாய்த்தூளை நிரப்பியதும் அவருக்கு எப்படித் தெரியும்?

கண்ணில் அருவி. காது சிவந்தது.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணுமில்லை... பொண்ணு போயிடுவாளேன்னு..."

நெகிழ்ந்துபோன சத்யநாராயணன் பஜ்ஜியை எடுக்கப் போனார். உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சம்பந்தமே போகும். யக்ஞநாராயணன் பாய்ந்து தட்டைப் பிடுங்கி, நாலு பஜ்ஜியையும் தானே விழுங்கினார்.

"நல்ல சாப்பாட்டு ரசிகர். சம்பந்தி இப்படித்தான் இருக்கணும்," என்றார் சத்யநாராயணன். வரன் முடிந்தது.

அவர்கள் போனதும் பாலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மோரைக் குடித்துக்கொண்டே யக்ஞநாராயணன் சொன்னார்: "அதானே பார்த்தேன்! கலர் கொஞ்சம் மட்டமா இருந்தது."

சிரிக்கிறீர்களா? உங்கள் சமையலறையிலும் லேபிள் வெளியே தெரியும்படி திருப்பி வைத்த வெளிநாட்டுப் பாட்டில் ஒன்று இருக்குமே? அடுத்த விருந்தாளியிடம் அதன் பெருமையைத் தொடங்குமுன், உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று சமைப்பவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மோரும் தயாராக இருக்கட்டும்.