கழுத்து எந்த சர்க்காருக்கு?

மயிலாப்பூர் கால்வாய் ஓரம் புதிதாகத் திறந்த இலவச ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல். ஒரே வாசல் வைத்தால் மேலே யார் படத்தை மாட்டுவது என்று தகராறு வந்ததால் இரண்டு.

நாட்டில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் என்று சட்டம் வந்த நாளிலிருந்தே பெரிய சர்க்காரும் சின்ன சர்க்காரும் அந்தப் பெருமை எனக்குத்தான் என்று முட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் பொதுமக்கள் நலன் கருதி ஒரு சுமுகமான உடன்பாடு கண்டார்கள். மனித உடம்பில் கழுத்துக்கு மேலே பெரிய சர்க்கார், கழுத்துக்குக் கீழே சின்ன சர்க்கார்.

டாக்டர் ஒருத்தர்தான். அவருக்குச் சுழல் நாற்காலி. இந்தப் பக்கம் திரும்பினால் பெரிய சர்க்கார் டாக்டர், அந்தப் பக்கம் திரும்பினால் சின்ன சர்க்கார் டாக்டர். நேராக உட்கார்ந்தால் லீவில் இருப்பதாக அர்த்தம்.

தேவானை தன் நாலு வயசு மகள் கீர்த்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை அனலாகக் கொதித்தது. எச்சிலைக்கூட முழுங்க முடியவில்லை.

"இன்னாம்மா குழந்தைக்கு?" என்றார் சீட்டு கொடுக்கும் பொன்னுரங்கம்.

"தொண்டை சார். வீங்கிக்கீது."

பொன்னுரங்கம் பேனாவை மூடிவிட்டார். "தொண்டையா? வேற எதுனா சொல்லேன்."

"வலிக்கிறது அங்கதானே சார்?"

"தொண்டை கழுத்துல கீது. கழுத்து மேலயும் இல்ல, கீழயும் இல்ல, எல்லை. எல்லைல நாம கை வெக்கக் கூடாதும்மா."

"ஜுரமும் அடிக்குது சார், ஒடம்பு பூரா."

"நெத்தியிலயும் அடிக்குதா?"

"ஆமா."

"அப்ப அது கூட்டு ஜுரம். ரெண்டு பக்கமும் கையெழுத்து ஆவணும்."

நேராக உட்கார்ந்திருந்த டாக்டர் குழந்தையைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாதாரண மருந்துதான். என்னை யாராவது ஒரு பக்கம் திருப்பி விடுங்களேன்!"

பொன்னுரங்கம் இரண்டு சர்க்காருக்கும் போன் போட்டார். சட்டம் வந்த பிறகு முதல் முறையாக இரண்டும் ஒரே பதில் சொல்லின: மக்களையே கேட்டு முடிவு செய்யவும்.

அவர் எழுந்து நின்று அறிவித்தார். "தொண்டை கீழன்னு முடிவானா, கொழந்தைக்கு இப்பவே மருந்து. மேலன்னா திங்கக்கிழமை. பெரிய சர்க்கார் அலமாரிக்குப் பூட்டு வந்துட்டுது, சாவிதான் வரல. கையைத் தூக்குங்க!"

வரிசை விழித்துக்கொண்டது.

"சோறு தொண்டை வழியாத்தான் வயித்துக்குப் போவுது. அப்ப கீழதான்!" என்றாள் முட்டிவலிக்கு வந்திருந்த ஜோதிலட்சுமி. சின்ன சர்க்கார் கட்சிக்காரி. தேவானைக்குப் பக்கத்து வீடு.

"நன்னா இருக்கே! தொண்டைலேர்ந்து பேச்சு வாய் வழியாத்தானே வரது? வாய் என்ன கால்லயா இருக்கு? மேலதான்," என்றாள் மாடவீதி பங்கஜம் மாமி.

கீர்த்தியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் கட்சிப்படி கைகள் எழுந்தன. எண்ணிப் பார்த்தால் சரிபாதி. கை தூக்காதது தேவானை மட்டும்.

"நீதாம்மா முடிவு சொல்லணும்," என்றார் பொன்னுரங்கம்.

தேவானையின் கை எழும்பப் போனது. 'கீழ' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அப்படிச் சொல்லுடி தேவானை," என்று ஜோதிலட்சுமி சிரித்தாள். "ஆத்திர அவசரத்துக்கு எங்க சர்க்கார்தான் ஆவும்னு இப்பவாச்சும் தெரிஞ்சிச்சா? உன் ஊட்டுக்காரர் ஆட்டோவுல கொடி கட்டிக்கினு சுத்துறாரே, அந்தக் கட்சியா வந்துச்சு?"

போன எலெக்ஷனில் புருஷனின் பெரிய சர்க்கார் கட்சி இங்கே தோற்றபோது தன் வீட்டு வாசலில் இவள் சரவெடி கொளுத்தியதும், கேசரி கொண்டுவந்து நீட்டியதும் தேவானைக்கு ஞாபகம் வந்தது.

"மேலதான் சார்!" என்றாள் கையை உயர்த்தி.

பாதி வரிசை கைதட்டியது. பங்கஜம் மாமி அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். ஜோதிலட்சுமி மூஞ்சி செத்துப்போனது. அந்த மூஞ்சியைப் பார்க்கவே திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது தேவானைக்கு.

பொறுத்துக்கொள்ள வேண்டியது கீர்த்திதான்.