உங்கள் தங்கையின் டயர்கள்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால், உங்கள் தங்கை நலம்; நான் இடது கை ஆள்காட்டி விரலில் மூன்று தையலோடு நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் உங்கள் முழங்காலும் நலம்தானே? முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள்.

உங்கள் முழங்கால் ஓய்வு பெற்ற அன்று உங்கள் ரேஸ் சைக்கிளைத் தங்கைக்கு அனுப்பி வைத்தீர்கள். அதற்காக நான் உங்களைக் குறை சொன்னதில்லை. பிரசவம் பார்க்கும் நர்ஸுக்குச் சைக்கிள் தேவைதான். அவள் போகும் சந்துகளில் கார் நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. அந்தச் சைக்கிளுக்கு நான்தான் முதலில் டயர் பார்த்து மாட்டினேன், ஸ்பேனர் அக்கா கடையில். (சைக்கிள் கடை நடத்தும் அம்மாளுக்கு வேறு பெயர் இருக்கத்தான் வேண்டும், ஆனால் யாருக்கும் தெரியாது.) கடையிலேயே கெட்டியான டயராகக் கேட்டு வாங்கினேன். நடுவில் கனமாக ஒரு பட்டை உண்டு, ஆணி குத்தினாலும் ஆணிதான் வளையும். இரண்டு வருடத்தில் ஒரு பஞ்சர் கிடையாது. முப்பது வருடம் ஊர்ப்பட்ட தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போட்டவன் நான். நான் பார்த்து வாங்கிய பொருள் என்ற கர்வம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உங்கள் தங்கை வேலை முடிந்து வந்து, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். "விரல் நுனியெல்லாம் பஞ்சு மாதிரி இருக்குங்க. அந்தக் கல்லு பாவின சந்துல ஓட்டிட்டுப் போனா, எறங்கி அரை மணி நேரம் ஆனாலும் மரத்துப்போனது போக மாட்டேங்குது" என்றாள். தைலம் தேய்க்கட்டுமா என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "இன்னைக்கு ஒரு பொண்ணு வயித்துல கை வச்சேன். குழந்தை தலை மேல இருக்கா கீழ இருக்கான்னு தெரியலை. இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்துல இதான் முதல் தடவை" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டே குழந்தை மூன்றரைக் கிலோ என்று சொல்லக்கூடிய கை அது.

அந்தப் பதற்றத்தில்தான் நான் உங்களுக்குப் போன் செய்தேன். டாக்டருக்குச் செய்திருக்க வேண்டும், செய்தது உங்களுக்கு. நீங்கள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "மாப்ள, தப்பு டயர்ல இருக்கு. கட்டையைச் சுத்தி வச்சிருக்கீங்க நீங்க. மெத்துன்னு இருக்கிற டயரா, கொஞ்சம் அகலமா, காத்தைக் குறைச்சு விட்டு ஓட்டச் சொல்லுங்க. சைக்கிள்ல மனுஷன் உக்காரக் கூடாது மாப்ள, மெதக்கணும்" என்றீர்கள். பஞ்சர் ஆகாதா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆனா ஆகட்டுமே, மாட்டிட்டுப் போவோம்" என்றீர்கள். பந்தயத்தில் பஞ்சர் ஆனால் நீங்கள் பதினேழாவதாக வருவீர்கள் மச்சான். பிரசவத்தில் அப்படி வரிசை கிடையாது. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பேனர் அக்காவிடம் போனேன். இரண்டு வகை டயரையும் எடுத்து என் முன்னால் போட்டார். "இந்த மெத்து டயரு இருக்கே, ரோட்டுல வர்ற சின்னச் சின்ன அடியெல்லாம் தானே வாங்கிக்கும், கைக்கு விடாது. ஆனா கம்பி குத்தினா அதையும் தானே வாங்கிக்கும். கெட்டி டயரு கம்பியை உள்ள விடாது. அடியையும் உள்ள விடாது, அப்படியே உங்க வீட்டம்மா மணிக்கட்டுல கொண்டுபோய்ச் சேத்துடும். எது வேணும், சொல்லுங்க" என்றார். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த டயர் இல்லையா என்றேன். "நீங்க கல்யாணம் ஆனவர்தானே?" என்று கேட்டுவிட்டு வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். கால் மணி நேரம் இரண்டு கையிலும் இரண்டு டயரை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் உங்கள் பேச்சைக் கேட்டு மெத்து டயரை வாங்கி, நானே வீட்டில் மாட்டினேன். ஒன்பது நாள் சொர்க்கம். உங்கள் தங்கை வீட்டுக்கு வந்ததும் பாட்டில்களைத் திறந்தாள், ஊசியில் நூல் கோத்தாள், சும்மா இருந்த என் கன்னத்தைத் தட்டிக்கூடக் கொடுத்தாள்.

பத்தாவது நாள் காலை பத்து நாற்பதுக்கு, கல் பாவிய சந்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவரிடமிருந்து போன். அவர் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது, இரண்டாவது குழந்தை, முதலாவது இரண்டு மணி நேரத்தில் பிறந்தது. உங்கள் தங்கை பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய வேகத்தில் வாசல் கதவு தானாக இரண்டு தடவை அடித்துக்கொண்டது. பத்து ஐம்பத்தைந்துக்கு எனக்குப் போன் வந்தது. "ஏங்க, பின் டயர் போச்சு. மரக்கடை வாசல்ல நிக்கிறேன். பம்பும் ட்யூபும் எடுத்துட்டு ஓடி வாங்க." குரலில் கோபம் இல்லை. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, வலியில் இருக்கும் பெண்களிடம் பேசுவது போல என்னிடம் பேசினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மச்சான், எனக்கு அறுபத்தொரு வயது. வீட்டுச் செருப்போடு, கையில் முழ நீளப் பம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் ஓடினேன். வங்கி வாசலில் நின்ற காவலாளி, "யாரை சார் அடிக்கப் போறீங்க?" என்று கேட்டார். மைத்துனரை என்று சொல்ல மூச்சு இல்லை. மரக்கடைக்கு நான் போய்ச் சேரும்போது உங்கள் தங்கை ஒரு தண்ணீர் லாரியை மறித்து, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மடியில் பையை அணைத்துக்கொண்டிருந்தாள். "சைக்கிளைப் பாத்துக்குங்க" என்றாள். லாரி போய்விட்டது. தெருவெல்லாம் சொட்டிக்கொண்டே போன தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

சரி, நம்மால் ஆனதையாவது செய்வோம் என்று பின்சக்கரத்தைக் கழற்றி, புது ட்யூபை மாட்டி, காற்றடித்து நிமிர்ந்தேன். உஸ் என்றது. குத்திய பொருள் டயருக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்க்காமல் புது ட்யூபை மாட்டியிருக்கிறேன். என்னைப் போல ஒருவன் தராசைச் சோதிக்காமல் முத்திரை போட்டிருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பேன். டயரின் உள்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். தலைமுடி கனத்தில் ஒரு கம்பித் துணுக்கு. லாரி டயர் வெடித்தால் ரோட்டில் உதிருமே, அது. அதைத் தேடிக் கண்டுபிடித்தது என் ஆள்காட்டி விரல்தான். எலும்பு வரை கண்டுபிடித்தது. இன்னொரு ட்யூப் இல்லை. விரலில் கைக்குட்டையைச் சுற்றினேன், சைக்கிளைத் தோளில் ஏற்றினேன். ஒன்பது கிலோ நானூறு கிராம், நானே எடை போட்டது. எதற்காகத் தூக்கிக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். நான் மாட்டிய டயரால் அங்கே ஏதாவது ஆகியிருந்தால், அதை வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

பதினொன்று ஐம்பதுக்கு அந்த மாடிப்படியில் ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். முழு நீளப் பஸ்ஸை டிப்போவுக்குள் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போகிற மனிதர், ஒரு தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியாமல் படியெல்லாம் சிந்தியிருந்தார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வழியில பஞ்சர் ஆயிடுச்சாமே, நர்ஸம்மா வர லேட்டாயிடுச்சு" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன். "நான்தாங்க அந்த டயரை மாட்டினேன்." அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார். அது அடியைவிட வலித்தது.

மேலே கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரலும், உங்கள் தங்கையின் குரலும் மாறி மாறிக் கேட்டன. "இப்ப முக்காதே. இரு. மூச்சு விடு. முக்காதே, சொல்றேன்ல." பிறகு இரண்டு குரலும் நின்றன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பதினாறு. டிரைவர் என் காயம்பட்ட விரலையும் சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் எடுக்கவில்லை. கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தலாமா என்று இருந்தது. பன்னிரண்டு பதினேழு. ஒன்றும் இல்லை. டிரைவர் கதவைப் பார்க்காமல் சைக்கிளின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சின்னச் செருமல், பூனை தும்மியது போல. அதற்குப் பிறகு அந்தக் கட்டிடமே அதிரும்படி ஒரு அழுகை. டிரைவர் செம்பை விட்டுவிட்டார். அது ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனது.

உங்கள் தங்கை வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார இன்னும் அரை மணி ஆனது. பெண் குழந்தை. நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "தொப்புள்கொடி கழுத்துல ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சுங்க. தலை வந்ததும் விரலை விட்டுப் பாத்தேன். இறுக்கம். மெதுவா ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன். போன மாசம் இருந்த கையா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது." நான் கேட்டேன்: "தண்ணி லாரி வரலைன்னா?" "வந்துச்சுல்ல" என்றாள். பிறகு என் விரலைப் பார்த்துவிட்டு, தையல் போட வேண்டும் என்று பையைத் திறந்தாள்.

ஆகவே மச்சான், அவளைத் தாமதமாக்கியதும் உங்கள் டயர், அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்த விரலைத் திருப்பிக் கொடுத்ததும் உங்கள் டயர். உங்களைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று ஆறு நாளாக யோசித்தேன். திட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மறுநாளே ஸ்பேனர் அக்காவிடம் பேசி ஒரு தீர்வுக்கு வந்துவிட்டேன்: கையைத் தாங்குவது முன்சக்கரம், அதனால் முன்னால் மெத்து, அதிகம் பஞ்சர் ஆவது பின்சக்கரம், அதனால் பின்னால் கெட்டி. என் விரலில் கட்டு இருந்ததால் உங்கள் தங்கையே சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இனி இந்த வீட்டின் டயர் விஷயத்தில் நீங்கள் எந்த யோசனையும் சொல்லக் கூடாது. இது என் இறுதி முடிவு, இதில் மாற்றம் இல்லை. மற்றபடி நீங்கள் எல்லாச் செல்வமும் பெற்று, காலூன்றி நடந்து, நீடு வாழ வேண்டும் என்று மனதார விரும்பும்,

உங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: அண்ணா, இது நான். உறையை ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டு இவர் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். ஓட்டுவது நான், மரத்துப்போவது என் கை. ஆனால் இத்தனை நாளும் நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி டயர் தேர்ந்தெடுத்தீர்களே தவிர, எது வேண்டும் என்று என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றைக்குக் கடையில் ஸ்பேனர் அக்காதான் கேட்டார். முன்னாலும் பின்னாலும் மெத்து டயரே போடச் சொல்லிவிட்டேன். ட்யூப் மாற்ற அவரிடமே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். இப்போது ஏழு நிமிடத்தில் மாட்டுகிறேன், பையில் எப்போதும் இரண்டு ட்யூப் இருக்கிறது. இவரிடம் சொல்லிவிடாதீர்கள். தினமும் காலையில் பின்சக்கரத்தைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, "கெட்டின்னா கெட்டிதான், பாத்தியா" என்கிறார். அவர் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் போய்க் காற்றைக் கூடுதலாக அடித்து வைக்கிறேன். தெரு முனை திரும்பியதும் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுகிறேன்.