ஒரே வொர்க்ஸ்பேஸில் மூன்று வேலை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நீயும் அத்தானும் நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, வழக்கத்துக்குக் கேட்டுவைக்கிறேன். போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே.

அப்பா இறந்த அன்று நான் போட்ட அறிவிப்பில் "உறவினர்கள் அனைவரும் தவறாமல் வர வேண்டாம்" என்று இருந்தது. சத்தியமாக அதை நான் எழுதவில்லை. என் கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரி வேலை, குடியிருப்போர் சங்க வேலை, அப்பாவின் அறிவிப்புப் பக்கம் என்று மூன்று ஃபோல்டரையும் ஒரே வொர்க்ஸ்பேஸில், ஒரே திரையில் சேர்ந்து திறக்கிற மாதிரி, அடுக்கிவைத்திருந்தேன், தனித்தனியாகத் திறக்கச் சோம்பல், வேறென்ன. அப்பாவை இன்னும் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்க்கவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிடுகிறார்: "தம்பி, துக்க வீடுன்னு தெரியும், ரெண்டே நிமிஷம். டாக்டர் லீவு. நோயாளிங்கள வரச் சொல்ற இடத்துல எல்லாம் வராதீங்கன்னு மாத்திடு." எந்த ஃபோல்டரில் என்று குறிக்காமல் 'எல்லாம் மாற்று' பொத்தானை அமுக்கித் தொலைத்தேன், மூன்றும் மாறிவிட்டது. சங்கக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்றதும், ஒருநாளும் தலைகாட்டாதவர்கள்கூட என்னவோ ஏதோ என்று ஓடி வந்து நாற்காலி பற்றவில்லை. அப்பாவுக்குத்தான் ஆளில்லை. தூக்க நாலு பேர் சேராமல் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு கை பிடித்தார்.

சித்தப்பா மட்டும் போன் போட்டு, "என்னடா, குடிச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டு வந்துசேர்ந்தார். நீயும் அப்படித் திட்டியிருக்கலாமே அக்கா! "சரி" என்று ஒரே வார்த்தை அனுப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிவிட்டாயாம், அத்தான் சொன்னார். நாலு வருஷம் உன்னோடு பேசாத மனுஷன், செத்தும் வரவிடவில்லை என்று நினைத்துவிட்டாய். கடைசி நாள் அவர் கேட்டது ஒன்றுதான்: "பெரியவ கிளம்பிட்டாளா?" "கிளம்பிட்டாப்பா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அவர் கோபம் தீர்ந்த நேரம் பார்த்து நான் நடுவில் புகுந்து கெடுத்தேன்.

அம்மா அப்பாவின் பீரோவைத் திறக்கமாட்டேன் என்கிறாள், நீ வந்துதான் திறக்க வேண்டுமாம். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டாம்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கக் காத்திருக்கும் தம்பி

பி.கு.: கவரில் போடும்போதுதான் கடைசி வரியைப் பார்த்தேன், பகீரென்றது. இந்தக் கடிதத்தையும் அதே வொர்க்ஸ்பேஸில்தான் அடித்தேன். நடுவில் மேனேஜர் கூப்பிட்டார், பல் டாக்டரும் லீவாம். மறுபடி பிரிண்ட் எடுக்கப் பயமாக இருக்கிறது. இதைப் பேனாவால் எழுதுகிறேன், இதை எந்தப் பொத்தானாலும் மாற்ற முடியாது: அக்கா, வா.