என் ரிமோட்டைச் சரிசெய்த குற்றம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என்னைக் கேட்காமல் என் ரிமோட்டைச் சரிசெய்துவிட்டீர்கள். குற்றம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நடந்த மற்றதெல்லாம், உங்கள் கார், அந்தக் கேக், என் மனைவியின் சிரிப்பு உட்பட, இதனால் வந்த வினைகள்.

இனி முறைப்படி வணக்கம். இங்கே நான் நலமில்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து நலமாக இருக்கிறார்கள். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். பல் டாக்டருக்கு என்ன குறை, வலியெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே.

நடந்தது உங்களுக்குத் தெரியும் என்றாலும் முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உறைக்கும். தையல் மெஷின் ரிப்பேர் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தேன். "ஏங்க, வீட்டுல பிரிக்கறதுக்கு இனிமே ஒண்ணும் பாக்கியில்ல, வெளிய எங்கயாவது போய்ப் பிரிங்க" என்றாள் என் மனைவி. நீங்கள் ஞாயிறுதோறும் குட்டி விமானம் பறக்கவிடும் மைதானத்துக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். "வாங்க சம்பந்தி, நான் கத்துத் தர்றேன்" என்றீர்கள். நான் யாரிடமும் எதையும் கற்றதில்லை, எதையும் பிரித்துப் பார்த்துத்தான் கற்றேன் என்று சொன்னேன். "விமானத்தை வானத்துல வெச்சுப் பிரிக்க முடியாதே" என்று சிரித்தீர்கள். முடியும் என்பதைப் பிற்பாடு செய்து காட்டினேன், அதை விடுங்கள்.

பாடம் நடத்தும் முறையைச் சொன்னீர்கள். உங்கள் கையில் ஒரு ரிமோட், என் கையில் ஒரு ரிமோட், இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். விமானம் உங்கள் ரிமோட்டின் பேச்சை மட்டும்தான் கேட்கும். ஆனால் உங்கள் ரிமோட்டில் இருக்கும் ஒரு ஸ்விட்ச்சை நீங்கள் அழுத்திப் பிடித்திருக்கும்வரை, நான் ஆட்டும் குச்சிகளின் கட்டளை கேபிள் வழியாக உங்கள் ரிமோட்டுக்குள் போய், அங்கிருந்து விமானத்துக்குப் போகும். நான் தப்பு செய்தால் நீங்கள் விரலை எடுத்தால் போதும், விமானம் உங்கள் கைக்கு வந்துவிடும். கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர் தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பாரே, அதேதான். "என் கம்பெனி ரிமோட்டையே வாங்கிடுங்க சம்பந்தி, பிரச்சினை இருக்காது" என்றும் சொன்னீர்கள். சொன்னதாலேயே வாங்கவில்லை. பழைய சாமான் கடையில் வேறொரு கம்பெனியின் கிழட்டு ரிமோட் ஒன்றைப் பிடித்து, பிரித்து, துடைத்து, கேபிளையும் நானே பற்றவைத்துக் கொண்டுவந்தேன். அந்த இரண்டு கம்பெனிகளும் ஜென்மத்துக்கும் ஒத்துப்போகாதவை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

முதல் நாள் நான் இன்ஜின் குச்சியைத் தள்ளினால் இறக்கை சாய்ந்தது. இறக்கையைச் சாய்த்தால் மூக்கு ஆடியது. மூக்கைத் தூக்கினால் இன்ஜின் அடங்கிப்போனது. நீங்கள் விரலை எடுத்து விமானத்தைக் காப்பாற்றிவிட்டு, பல்லைப் பிடுங்குமுன் பேசும் அந்தக் குரலில், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ரெண்டு பெட்டியும் கட்டளை அனுப்புற வரிசை வேற, அவ்வளவுதான். என் பெட்டி மெனுவுல மாத்திடலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்றீர்கள்.

"என் பெட்டியில கோளாறு இல்ல."

"கோளாறுன்னு நான் சொல்லலையே சம்பந்தி. வரிசைதான்…"

"வரிசையும் சரியாத்தான் இருக்கு. எதையும் மாத்த வேணாம். இப்படியே நான் கத்துக்கறேன்."

கற்றேன். அதை நீங்கள் மறுக்க முடியாது. இடக்கையை முன்னே பின்னே தள்ளினால் இறக்கை சாயும், வலக்கையைப் பக்கவாட்டில் இழுத்தால் மூக்கு எழும், அதே வலக்கையை முன்னே தள்ளினால் இன்ஜின் என்று சாப்பாட்டு மேஜையில் இரண்டு கரண்டிகளை நட்டுவைத்துப் பழகினேன். குழம்பு கேட்ட மருமகளுக்கு இன்ஜின் கொடுத்திருக்கிறேன். விமானம் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே பறந்தது. அது என் பாணி என்று விளக்கம் சொன்னேன். "உலகத்துல யாருமே இப்படி ஓட்டுறதில்லைங்க" என்றார் மைதானத்து விமான கிளப்பின் செயலாளர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். முதலில் கொட்டாவி விடும் நேரம்கூட ஸ்விட்ச்சில் தங்காத உங்கள் விரல், போகப்போக அங்கேயே தங்க ஆரம்பித்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் எழும்பியதிலிருந்து இறங்கியதுவரை நீங்கள் விரலை எடுக்கவே இல்லை. "இனிமே கேபிள் வேணாம் சம்பந்தி. அடுத்த வாரம் தனியாவே விடுங்க" என்றீர்கள். அதைக் கேட்டு நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத மாட்டேன். வாழ்நாளில் என் கைமேல் கைவைத்து யாரும் எனக்கு வேலை சொல்லித் தந்ததில்லை. உங்கள் விரல் இல்லாமல் ஒரே ஒரு முறை, தரையை விட்டு எழும்பித் தரைக்கு வர வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு வந்தது. ஊரையே கூட்டியிருந்தேன். மனைவி மடக்கு நாற்காலியில் இருந்தாள். மகன் படம் எடுத்தான். மருமகள் 'தனியாகப் பறந்தவருக்கு வாழ்த்துகள்' என்று முன்கூட்டியே எழுதிய கேக்கை உங்கள் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு, காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவிட்டிருந்தாள். நீங்கள் விமானத்தின் வயிற்றைத் திறந்து, உங்கள் ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் குட்டிப் பெட்டியைக் கழற்றி, என் ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் பெட்டியை வைத்தீர்கள். அப்போது என் ரிமோட் வெகுநேரம் உங்கள் கையில்தான் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அந்த நேரம், குரு இல்லாமல் கற்பது எப்படி என்று கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் வந்து, "சம்பந்தி, ஒரு நிமிஷம், இப்ப கேபிள் இல்லாததால…" என்று இழுத்தீர்கள். பேச்சு முடியட்டும் என்று கையைக் காட்டினேன். முடிந்ததும் மறுபடி வந்தீர்கள். "தெரியும் சம்பந்தி, எல்லாம் தெரியும்" என்றேன். என் கவனத்தைக் கலைக்கத்தான் அப்படி வந்தீர்கள் என்பது இப்போது புரிகிறது.

விமானத்தை நீங்களே கையால் வீசினீர்கள். அழகாக எழும்பியது. கைதட்டினார்கள். இன்னும் உயரட்டும், இன்ஜினைக் கூட்டுவோம் என்று வலக்கையை முன்னே தள்ளினேன். மூக்கைக் கீழே குத்தியது. மூக்கைத் தூக்க வலக்கையைப் பக்கவாட்டில் இழுத்தேன். குப்புறப் புரண்டது. புரண்டதை நிமிர்த்த இடக்கையை முழுசாகத் தள்ளினேன். இன்ஜின் உறுமியது. நான் செய்தது எல்லாமே நான் கற்றபடி சரி. அது செய்தது எல்லாமே உலகத்தில் மற்றவர்கள் கற்றபடி சரி. நடுவில் விமானம் உங்கள் காரைத் தேடிப் போய், திறந்த கதவு வழியாக உள்ளே நுழைந்தது. இறக்கைகள் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டன. மூக்கு, கேக்கில் சரியாகத் 'தனியாக' என்ற சொல்லில் இறங்கியிருந்தது. "ஏங்க, தனியாத்தான் போயிருக்கு" என்றாள் என் மனைவி. நீங்கள் அதே குரலில், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றீர்கள்.

ஆகவே சொல்கிறேன். என் ரிமோட் கோணலாக இருந்தது, நானும் கோணலாக இருந்தேன், நிம்மதியாக இருந்தோம். அதை நேராக்கச் சொல்லி உங்களை யார் கேட்டார்கள்? அதைத் தொட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

இனி நடக்க வேண்டியவை. நீங்கள் என் ரிமோட்டைப் பழையபடி கெடுத்துத் தர வேண்டும். உடைந்த விமானத்தையும் நீங்களே ஒட்டித் தர வேண்டும். கிளப் செயலாளர் அன்று பறந்ததை என் கணக்கில் சேர்க்கக் கூடாது. மகன் அந்தப் படத்தை அழிக்க வேண்டும், முக்கியமாக என் முகம் தெரியும் பகுதியை. இனி நான் பறக்கவிடும் இடத்துக்கு நீங்கள் வரக் கூடாது. கேபிள் நான் பற்றவைத்தது. அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் மகளும் என் மருமகளுமானவளுக்கு என் ஆசிகளில் பாதி. மீதியை அவள் சிரிப்பை நிறுத்தியதும் தருவேன்.

இப்படிக்கு,
தானாகவே எல்லாம் கற்றுக்கொண்ட
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: தபாலில் போடச் சொல்லி மருமகளிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்துவிட்டு, "மாமா, இந்தப் பழைய பெட்டியில வரிசையை மாத்தற வசதியே கிடையாதே. அதனாலதான் அப்பா தன்னோட மெனுவுல மாத்தலாம்னாரு" என்றாள். நம்பாமல் ரிமோட்டை ஆணிவரை பிரித்துப் பார்த்தேன். கிடையாதுதான். அது பிறந்ததிலிருந்து நேராகவே இருந்திருக்கிறது. கேபிள் வழியாக உங்கள் பெட்டிக்குள் போகும்போதுதான் கோணியிருக்கிறது. கேபிளை எடுத்ததும் தானாக நேராகிவிட்டது. அன்று நீங்கள் இரண்டு தடவை சொல்ல வந்ததும் இதைத்தானாம். ஆக, என் பெட்டியில் கோளாறில்லை என்று முதல் நாளே நான் சொன்னது சரி. அந்த வாதத்தில் ஜெயித்தது நான்தான் என்று தெரிந்து நெடுநேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். நான் பாடுபட்டுக் கற்ற வித்தை உங்கள் பெட்டியோடு கட்டிப்போட்டால் மட்டுமே செல்லும் என்கிறாள் மருமகள்.

எனவே மேலே கேட்டவை எல்லாம் ரத்து. கார் சீட்டை நான் துடைக்கிறேன். இறக்கையை நீங்கள் ஒட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். மருமகள் இன்னொரு கேக் வாங்கட்டும், எழுத்து வேண்டாம். உங்கள் மெனுவில் எதையும் மாற்றாதீர்கள், கற்றது கற்றதுதான். ஞாயிற்றுக்கிழமை கேபிளை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஸ்விட்ச்சிலிருந்து மட்டும் விரலை எடுக்காதீர்கள். நான் கத்தினால் எடுங்கள்.